இளநீர்க் காவல்

அவர் கையில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். தேநீர் கொடுத்தால் குடித்துவிடுவார். துண்டுப் பிரசுரம் கொடுத்தால் நின்ற இடத்திலேயே கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்மணி, "சித்த புடிச்சுக்குங்ண்ணா" என்று கைக்குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போக, தான் ஏறவேண்டிய பஸ் கண்ணெதிரே போவதைப் பார்த்தபடி அந்தக் குழந்தையோடு நின்றிருக்கிறார். அவள் திரும்பி வந்து வாங்கிக்கொண்டபோது, "நல்ல கொழந்தைங்க, அழுகவே இல்லீங்க" என்றாராம். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

கொங்குச் சீமையில் யாருமே முகத்துக்கு நேராக மறுத்துப் பேச மாட்டார்கள். வேண்டாம் என்பதற்கு "இருக்கட்டுங்க" என்பார்கள். வேண்டவே வேண்டாம் என்றால் "இருக்கட்டுமுங்க, அப்புறமாப் பாத்துக்கலாமுங்க" என்பார்கள். காவிரிக் கரையிலிருந்து வந்த எனக்கு இதெல்லாம் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் இவருக்கு அந்த "இருக்கட்டுங்க"கூட வராது. வீட்டுக்குள் தெலுங்கு, கடையில் தமிழ் என்று இரண்டு மொழி பேசுகிற மனிதர். மறுப்பதற்கு இரண்டிலும் ஒரு சொல்லை அவர் சேர்த்துவைக்கவில்லை.

கடை என்றால் மாட்டுத் தீவனக் கடை. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிடங்கு. கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. அதாவது, வெயிலில் டை கட்டிக்கொண்டு டாக்டர்களின் வாசலில் நோயாளிகளுக்கு நடுவே, நோயாளிகளைவிடப் பரிதாபமாகக் காத்திருக்கிற உத்தியோகம். உள்ளே அழைக்கப்பட்டால் இரண்டு நிமிஷம் இருமல் மருந்தைப் புகழ்ந்துவிட்டு, ஒரு பேனாவை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வரவேண்டும். தெருவில் எல்லாரும் என்னை முக்கால் டாக்டர் என்று நினைத்தார்கள். அந்த நினைப்பைக் கலைக்க நான் பெரிய முயற்சி எதுவும் எடுக்கவில்லை.

குதிரை விஷயத்தைச் சொன்னால்தான் அவரைப் பற்றி முழுசாகச் சொன்னதாகும். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போன ஒரு நண்பருக்குத் துணையாகப் போனார். அங்கே விலை பேசுவது வாயால் அல்ல. துண்டைப் போர்த்தி, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேசுவார்கள். சும்மா நின்றிருந்த இவர் கையை ஒரு குதிரைத் தரகர் பிடித்துத் துண்டுக்கடியில் வைத்துக்கொண்டார். கையை உருவிக்கொண்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார் என்று இவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வியாபாரம் முடிந்துபோயிற்று.

லாரியில் குதிரை வந்து இறங்கியது. ஒரு காலை லேசாக விந்தி நடந்தது. அக்கா, அதாவது அவருடைய மனைவி, வாசலுக்கு வந்து குதிரையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எதுக்குங்க நமக்கு?"

"கைய உருவிப்போட்டா அவரு மொகம் சுண்டிப்போகுமில்ல அம்மணி."

"நம்ம மொகம் சுண்டுனாப் பரவால்லீங்களா?"

"நாம ஊட்டு ஆளுங்கதானே."

குதிரை மூன்று மாதம் கடைக்கு முன்னால் நின்று, தவிடு வாங்க வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே தவிட்டைத் தின்றது. அப்புறம் யாரோ ஒருவர் "எனக்குக் குடுங்ண்ணா" என்று கேட்டார். கேட்டவருக்கு மறுக்க முடியுமா? போயிற்று.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே ஊர் ஊராகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். டாக்டர்களின் வாசலில் காத்திருக்கும்போது சக பிரதிநிதிகளிடம் சொல்ல இதைவிட நல்ல சரக்கு என்னிடம் இல்லை. அந்தக் குணம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருஷம் கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, திருவிழாப் பந்தல் சாமான் போட்டுவைக்கக் கிடங்கில் கொஞ்சம் இடம் வேண்டும் என்றார்கள். கிடங்கின் பின்பாதி பல வருஷமாகத் திறக்கப்படாதது. பழைய சாக்குகள், கொட்டிப்போன பருத்திக்கொட்டை, அதைத் தின்று பெருத்து மூன்று தலைமுறை கண்ட எலிகள். இவர் "அதுக்கென்னுங்க" என்றார். ஆளை விட்டுச் செய்யச் சொன்னேன். ஆள் வராத நாளாகப் பார்த்துத் தானே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

தண்ணீர் தெளித்துக் கூட்ட முடியாது. ஈரம் பட்டால் பக்கத்து அடுக்கில் இருக்கிற பருத்திக்கொட்டை பூஞ்சை பிடித்துப்போகும். அதனால் வறட்டுக் கூட்டல். எலிப் புழுக்கையும் எலி மூத்திரம் காய்ந்த சாக்குத் தூசியும் புகையாகக் கிளம்பி, கிடங்கு வாசலில் வெயில் மஞ்சளாகத் தெரிந்தது. மூக்கையும் வாயையும் மூடி நன்றாகத்தான் துண்டு கட்டியிருந்தார். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்து "ஏனுங்க" என்றதும் துண்டை அவிழ்த்துவிட்டு, "வாங்க, வாங்க" என்றார். முகத்தை மூடிக்கொண்டு மனிதரோடு பேசுவது மரியாதையில்லை. அவர் போனதும் கட்டினார். அடுத்தவர் வந்தார், அவிழ்த்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே, "கட்டியே இருங்கண்ணா, அவங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றேன்.

"அவிய நெனைக்க மாட்டாங்க தம்பி. நமக்கே ஒரு மாதிரி இருக்குமில்லீங்க" என்றார், தூசிக்கு நடுவிலிருந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பந்தல் சாமான் வந்து இறங்கியது. திருவிழாவும் நடந்தது. பிறகுதான் காய்ச்சல் வந்தது. இடுப்புக்குமேல் முதுகில் கடுமையான வலி, முகம் தீயில் நின்றவர் மாதிரிச் சிவப்பு, கண்ணும் சிவப்பு. பக்கத்து டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். எனக்கு அங்கே வரிசை இல்லை என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன், வரிசையில்தான் நின்றோம். சாதாரண விஷக் காய்ச்சலாகத்தான் தெரிகிறது, பார்ப்போம் என்றார் டாக்டர். சில நாளில் காய்ச்சல் இறங்கியது. அக்கா ரசம் வைத்தார். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இவர், "நல்லா இருக்குதுங்க, எந்திரிச்சுட்டேனுங்க" என்று எழுந்து உட்கார்ந்து சொன்னார்.

அக்கா மட்டும் மாடிப்படியின் கீழே நின்று என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, எப்புடிச் சொல்றதுன்னு தெரியலீங்க. நேத்துப் புடிச்சு அவிய பொறத்தால போகவே இல்லீங்க. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். ஒண்ணுக்கே போகலீங்க. மொகமெல்லாம் ஊதிப்போச்சு."

போய்க் கேட்டேன். "போகலைதானுங்க. ஆனா எல்லாரும் நல்லாயிருக்கீங்களான்னு கேக்கறப்ப அதைப் போயி என்னுங்க சொல்றது" என்றார்.

கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரக டாக்டர் இளைஞர், என்னிடம் அதுவரை ஒரு பேனாகூட வாங்காதவர். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. எடுத்த துளிச் சிறுநீரில் புரதம் நிறையப் போயிருந்தது. கழிவுகள் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தன. எலிக்காய்ச்சலாக இருக்கும் என்று பார்த்தார்கள், இல்லை என்று வந்தது. கிடங்கைக் கூட்டின கதையை நான் சொன்னதும் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஹான்டான்னு ஒரு வைரஸ் இருக்கு. கொரியாப் பக்கம் நிறைய. எலியோட மூத்திரம், புழுக்கை காய்ஞ்சு தூசியாகி மூச்சுல உள்ளே போகும். இதுவும் அந்த மாதிரி இருக்கு. ஆனா நிச்சயமாச் சொல்ல மாட்டேன். அதைப் பார்க்கிற டெஸ்ட் இங்கே இல்லை. ரத்தத்தை வெளியே அனுப்பலாம். பதில் வர்றதுக்குள்ளே ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிடும்."

"மருந்து சார்?"

"இதுக்குன்னு மருந்து கிடையாது."

நான் என் பையைப் பார்த்தேன். உள்ளே இருமல் மருந்து, சத்து மாத்திரை, வழவழப்பான தாளில் அச்சடித்த சிறுநீரகப் படம் ஒன்று. அந்தப் படத்தைக் காட்டி நூறு டாக்டர்களிடம் பேசியிருக்கிறேன். படத்தில் சிறுநீரகம் எப்போதும் ஆரோக்கியமாக, நல்ல மாம்பழ நிறத்தில் இருக்கும்.

டாக்டர் அக்காவுக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "உங்க கடையில தவிடு சலிக்கிற சல்லடை இருக்குமில்லைம்மா? சிறுநீரகம் அதுதான். லட்சக்கணக்கான பொடிச் சல்லடை. இந்த நோய் உள்ளே இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாயை எல்லாம் கசியவிட்டுடும். போகக்கூடாத புரதம் போயிடும், போகவேண்டிய தண்ணியும் உப்பும் உள்ளேயே நின்னுடும். பல பேருக்குத் தானாவே திறந்துக்கும். திறந்தா குடம் குடமாப் போகும். அதுவரைக்கும் அவரை நாம இழுத்துக்கிட்டு வரணும். தேவைப்பட்டா மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுவோம். ஆனா வெளியே போகாத ஆளுக்கு உள்ளேயும் ஊத்தக்கூடாது. ஒரு நாளைக்கு இந்தச் சின்ன சொம்புத் தண்ணிதான். பழச்சாறு, இளநீர் ஒரு சொட்டுகூடக் கூடாது. அதில் இருக்கிற பொட்டாசியம் வெளியே போக வழியில்லாம இதயத்தை நிறுத்திடும்."

அக்கா சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டாக்டர் சொன்னது முழுக்கப் புரிந்துவிட்டது. எனக்குப் புரிந்தது வேறு. இந்த மனிதரின் உயிர் இப்போது வேண்டாம் என்று சொல்வதில் இருக்கிறது.

நீர் பிரியவில்லை என்ற செய்தி சிங்காநல்லூரில் பரவியது. நீர் பிரியாதவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மறுநாள் பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரி வராந்தா காய்கறிச் சந்தை மாதிரி ஆகிவிட்டது. வாழைத்தண்டுச் சாறு ஒருவர், முள்ளங்கிச் சாறு ஒருவர், பார்லிக் கஞ்சி ஒருவர். மற்ற எல்லாரும் இளநீர். என்னைக் காவலுக்கு நிறுத்தினார்கள். டையை இறுக்கிக்கொண்டு அறை வாசலில் நின்றேன்.

"இளநீர் கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்கார். பொட்டாசியம்."

ஒரு பெரியவர் என்னைத் தலையிலிருந்து ஷூ வரைக்கும் பார்த்தார். "ஏனுங் தம்பி, நீங்க மருந்துக் கம்பெனிதானுங்களே?"

"ஆமாங்க."

"எளநிய நிறுத்துனாத்தானே உங்க மருந்து போகும்."

வராந்தா முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். விற்க மருந்தே இல்லாத ஒரு நோய்க்கு விற்பனைப் பிரதிநிதி என்று பெயர் வாங்கினவன் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அக்கா ஒரு யோசனை செய்தார். ஆள் வந்தால் இவர் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருக்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் காலடிச் சத்தம் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடியபடியே, "வாங்க, உக்காருங்க" என்பார்.

அந்த வாரமே நாங்கள் பயந்தது நடந்தது. அக்காவின் அண்ணன் காரமடைத் தோட்டத்திலிருந்து வந்தார். தோளில் ஒரு குலை இளநீர், இடுப்பில் அரிவாள். காவலாளி எப்படி விட்டார் என்று தெரியவில்லை. அரிவாளைப் பார்த்தபின் நானும் விட்டுவிட்டேன் என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்கா மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். நான் பொட்டாசியம் என்று தொடங்குமுன் ஒன்றைச் சீவிக் கையில் கொடுத்துவிட்டார். "குடிங்க மாப்பிள்ளை, தோட்டத்துல மொத வெட்டு." இவர் என்னைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

அன்று சாயங்காலம் மூச்சு வாங்கியது. இதயத் துடிப்புப் பதிவாகிற தாளில் கோடுகள் கூடாரம் கூடாரமாக எழுந்தன. மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முறை மீட்டுவிட்டார்கள். டாக்டர் யாரையும் திட்டவில்லை. "இன்னொரு தடவை என்னால முடியாம போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் தெரிந்து மறுநாள் காலையிலேயே மச்சான் ஓடிவந்தார். வந்தவர் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். வெட்டாத இளநீர்களும் அவர் விட்டுப்போன அரிவாளும் மூலையில் கிடந்தன.

"நானே கொன்னுபோட்டிருப்பனே மாப்பிள்ளை."

"அதெல்லாம் இல்லீங்க மச்சான். எளநியால ஒண்ணுமில்லீங்க." முகம் வீங்கி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அழுகாதீங்க."

மச்சான் நிறுத்தவில்லை.  கட்டிலில் இருந்தவர் சொன்னார்.

"வேணும்னா இன்னொண்ணு வெட்டுங்க. குடிச்சுக் காட்டறேன். ஒண்ணும் ஆகாதுங்க."

 அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அழுகிற மனிதரின் மனசு ஆறவேண்டும், அதற்குத் தன்னிடம் இருப்பது இதுதான் என்று கையை நீட்டிவிட்டார். டாக்டரை அழைக்கலாமா, இளநீரைத் தூக்கி ஜன்னல் வழியே போடலாமா, மச்சானின் வாயை அடைக்கலாமா என்று நான் மூன்றாக யோசித்து ஒன்றையும் செய்யாமல் நின்றேன்.

அக்கா எழுந்தார். மூலையிலிருந்து ஒரு இளநீரை எடுத்து அண்ணன் முன்னால் வைத்து, "வெட்டுங்கண்ணா" என்றார். அவர் வெட்டினார். அக்கா அதை வாங்கி, புருஷன் முன்னால் நின்று அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். கழுத்தில் வழிந்ததை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் எங்கூட்டுக்குக் கொண்டாந்தது. நான் குடிச்சுப்போட்டேன். உங்களுக்குக் கொண்டாந்தது உங்களுக்குச் சேந்துபோச்சு. போதுங்களா?"

கட்டிலில் இருந்தவர் யோசித்தார். அவர் முகத்தில் ஒரு கணக்கு ஒத்துவந்த மாதிரி இருந்தது. "அதுஞ் சரிதானுங்க" என்று நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அதுவே முறையாயிற்று. யார் எது கொண்டுவந்தாலும் அவர் கண்ணெதிரே நாங்கள் குடிக்க வேண்டும். கொண்டுவந்தவர் மனம் கோணாது, இவர் மனமும் கோணாது. அக்கா கொஞ்சம், நான் மிச்சம். பார்வை நேரம் முடிவதற்குள் இளநீர், வாழைத்தண்டு, முள்ளங்கி, பார்லி எல்லாம் என் வயிற்றில். வராந்தாக் கோடியில் இருந்த கழிப்பறைக்கு நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நர்ஸம்மா, "ஏனுங்க, சர்க்கரை இருக்கான்னு பாத்துக்குங்க" என்றார். கட்டிலில் கிடந்தவருக்கு வரவேண்டியதெல்லாம் எனக்கு வந்தது. உள்ளே நின்றுகொண்டு, ஒரு பிரயோஜனமும் இல்லாமல் இத்தனை நன்றாக வேலை செய்கிற என் சிறுநீரகங்களை நினைத்து வெட்கப்பட்டேன். கொடுக்க முடிந்தால் அந்த ஓட்டத்தில் பாதியைக் கொடுத்திருப்பேன்.

அங்கே கட்டிலின் ஓரத்தில் தொங்கிய சிறுநீர் பிடிக்கிற பையில் ஒன்றும் சேரவில்லை. காலையில் கண் விழித்ததும் நாங்கள் மூவரும் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான். ஒருநாள் அடியில் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தது. அக்கா ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டிவந்தார். அது பழையது, பையைக் கழுவும்போது அடியில் தங்கினது என்றார்கள். மறுபடியும் மெஷின். டாக்டர் ஒவ்வொரு நாளும், "இன்னும் திறக்கலாம், நாள் இருக்கு" என்றார். முதலில் என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். பிறகு தாளைப் பார்த்துச் சொன்னார்.

ஒரு மத்தியானம், வெயிலில் நாலைந்து டாக்டர்களின் வாசலில் நின்றுவிட்டு அங்கே போனேன். போகிற வழியில் டாக்டரைப் பார்த்தேன். நுரையீரலிலும் நீர் கசியத் தொடங்கிவிட்டது, மெஷினைத் தாங்குகிற தெம்பு உடம்பில் இல்லை என்றார். நான் அறைக்குள் நுழையும்போது முகத்தைச் சரிசெய்துகொண்டதாக நினைப்பு. டை கட்டினவனுக்கு அந்தப் பயிற்சி உண்டு.

அக்கா சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருந்தார். இவர் விழித்திருந்தார். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. அன்றைய பங்கில் மிச்சமிருந்த தண்ணீர் ஒரு சின்ன டம்ளரில், கட்டிலுக்குப் பக்கத்து மேஜைமேல். அதில் கால்வாசி இருந்திருக்கும். அதை எப்போது குடிக்கலாம் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

"வாங்க தம்பி. நல்ல வெயிலுங்களா?"

"அதெல்லாம் இல்லைண்ணா."

கையை மெதுவாக நீட்டி டம்ளரை எடுத்தார். ஊசி குத்தி நீலம் பாய்ந்த கை.  டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"குடிங்க."

"அய்யோ, அது உங்களுதுண்ணா. நீங்க குடிங்க."

"ஊட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்காம எப்புடிங்க."  அவர் கிடக்கிற இடம் அவருக்கு வீடுதான். "இத்தன நாளும் எனக்கு வந்ததெல்லாம் நீங்கதானுங்களே குடிச்சீங்க. எனக்குங்க, தொண்டைக்குள்ள எறங்கவே மாட்டேங்குது இப்ப. நீங்க குடிச்சாப் போதுங்க. நான் பாத்துக்கறேன்."

டாக்டர்களை இரண்டு நிமிஷத்தில் சம்மதிக்கவைக்கிற வேலை பார்ப்பவன் நான். அந்தக் கையைத் திருப்பி அவர் வாய்க்குக் கொண்டுபோக எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பாக இருந்தது தண்ணீர். அவசரமாகக் குடித்தால் அவருக்குத் தெரியாமல் போய்விடுமே என்று, ஒவ்வொரு மடக்காக, மெதுவாகக் குடித்தேன். என் தொண்டை ஏறி இறங்குவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளர் காலியானதும் அவர் தொண்டையும் ஒருமுறை அசைந்தது.

அடுத்த நாள் விடிந்த பிறகு போய்விட்டார். பை அப்போதும் காலியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.